பும்ப்ளிட்ஸ் கிராமமா, நகரமா? மகளின் பள்ளிக்கூட வேலைக்கு விவரம் தேவை

நிலாமுற்றம் எழுதியது:

வணக்கம் உறவுகளே,

சுவிஸில் நீண்ட காலம் இருக்கிற பலர் இந்தப் பகுதியில் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் இங்கேயே கேட்கிறேன். நாங்கள் சூரிச் பக்கம் இருந்து வீடு மாறி பேர்ணுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. பும்ப்ளிட்ஸில் இருக்கிறோம். மகள் நாலாம் வகுப்பு. "நான் இருக்கும் இடம்" என்ற தலைப்பில் ஒவ்வொரு பிள்ளையும் வகுப்புக்கு முன்னால் பத்து நிமிடம் கதைக்க வேண்டுமாம்.

எனக்கு இந்த இடம் ஒன்றும் பிடிபடவில்லை. ஜன்னலைத் திறந்தால் தொடர்மாடிகள், கீழே ட்ராம். கடிதத்தில் முகவரி பேர்ண் என்றுதான் வருகிறது. ஆனால் கீழ்வீட்டில் இருக்கிற சுவிஸ் அம்மா, எண்பது வயதுக்கு மேல் இருக்கும், பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகும்போதெல்லாம் "ஈ கா இஸ் டோர்ஃப்" என்று சொல்லிவிட்டுப் போவார். ஊருக்குள்ளே போய் வருகிறேன் என்று அர்த்தம். எந்த ஊருக்குள்ளே? இங்கே கிராமம் எங்கே இருக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலையிடத்தில் ஒருவர், நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் முகத்தைச் சுளித்து "ஓ, அங்கேயா?" என்றார். அன்றைக்கு மகளும் கூட வந்திருந்தாள். வீட்டுக்கு வந்து "அம்மா, நாங்கள் இருக்கும் இடம் கூடாத இடமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவள் வகுப்பில் எழும்பி நின்று கதைக்கும்போது தலை நிமிர்ந்து கதைக்க வேண்டும் என்று ஆசை. இந்த இடத்தின் கதை தெரிந்தவர்கள் சொல்வீர்களா?


சார்ணிவாசி எழுதியது:

தங்கச்சி, மகளின் பேச்சுக்கு முதல் வரி நான் தருகிறேன். "பேர்ண் நகரத்தை விட நான் இருக்கும் ஊர் வயதில் மூத்தது." இப்படித் தொடங்கச் சொல்லுங்கள். வகுப்பில் ஆசிரியரும் நிமிர்ந்து பார்ப்பார்.

நான் 1986இல் இந்த நாட்டுக்கு அகதியாக வந்தவன். 1991 முதல் சார்னர்கூட் தொடர்மாடியில் இருக்கிறேன். இங்கே எல்லாரும் சுருக்கமாகச் சார்ணி என்பார்கள். குசினி வேலை, துப்புரவு வேலை எல்லாம் பார்த்துக் கடைசியில் பத்தொன்பது வருடம் அப்வார்ட்டாக, அதாவது கட்டடங்களைப் பராமரிக்கிறவராக, இதே பகுதியில் வேலை செய்து இப்போது ஓய்வில் இருக்கிறேன். ஒரு வீட்டின் குழாயும் கெல்லரும், அதாவது நிலவறையும், பழகினால் அதன் கதையும் கேட்கத் தோன்றும். அப்படித் தேடிப் படித்தவைதான் இவை.

பேர்ண் நகரத்தைச் சேரிங்கன் வம்சத்துக் கோமகன் ஐந்தாம் பெர்க்டோல்ட் 1191இல் உருவாக்கினார். பும்ப்ளிட்ஸின் பெயரோ 1016ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றிலேயே வருகிறது. நூற்றெழுபத்தைந்து வருடம் முந்தியது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் புர்குண்டி இராச்சியம். அரசர் மூன்றாம் ருடோல்ஃப். அப்போது அரசர்கள் ஒரே இடத்தில் இருந்து ஆளவில்லை, பரிவாரத்தோடு இடம் இடமாகப் போய்த் தங்கி, அங்கங்கே விளைந்ததைச் சாப்பிட்டு, வழக்குத் தீர்த்து, கையெழுத்து வைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார்கள். அப்படி அரசர் வந்து தங்கும் இடங்களில் ஒன்று பும்ப்ளிட்ஸ். இன்றைக்குப் பழைய அரண்மனை என்று சொல்கிறார்களே, அந்த இடம்தான். அதற்கும் முந்திய கதை பக்கத்துத் தேவாலயத்துக்குக் கீழே கிடக்கிறது: ரோமர் காலத்துப் பண்ணைவீடு ஒன்றின் சுவர்கள். 2016இல் இந்த ஊரின் ஆயிரமாவது வருடத்தைக் கொண்டாடினோம்.

பிறகு பல நூறு வருடம் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. பேர்ணின் ஆட்சிக்குள் இருந்த கமக்காரர் ஊர், அவ்வளவுதான். 1742இல் புதிய அரண்மனை ஒன்று கட்டினார்கள். புதியது என்ற பெயரோடு முந்நூறு வருடத்தை நெருங்குகிறது. தண்ணீர் விஷயம் ஒன்றை மட்டும் சொல்லாமல் போக மனமில்லை. பேர்ண் பழைய நகரத் தெருவின் நடுவே, கம்பிக் கிராதிக்குக் கீழே சிறு வாய்க்கால் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். ஷ்டாட்பாக், நகர வாய்க்கால். அந்தத் தண்ணீர் வாங்கன்டால் பள்ளத்தாக்கில் இருந்து புறப்பட்டு, நம்முடைய பும்ப்ளிட்ஸைக் கடந்துதான் அங்கே போகிறது. மகளை ஒரு நாள் அங்கே கூட்டிக்கொண்டு போய்க் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். ஊரைக் கடந்த தண்ணீர்தான் நகரத்துக்கு வருகிறது என்று அவளே கண்ணால் காணட்டும்.

மாற்றம் ரயிலோடு வந்தது. 1860இல் பேர்ணுக்கும் ஃப்ரைபூர்க்குக்கும் இடையே பாதை போட்டார்கள், அது ஊரின் தெற்கால் போனது. 1901இல் நொய்ஷடெல் பக்கம் போகும் பாதை வடக்கால் போனது. பும்ப்ளிட்ஸ் தெற்கு, பும்ப்ளிட்ஸ் வடக்கு என்று ஓர் ஊருக்கு இரண்டு நிலையம் இருப்பது இதனால்தான். இரண்டு பாதை வந்தால் என்ன நடக்கும்? நகரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அங்கே வாடகை கட்டாது. இங்கே காணி மலிவு. தொழிலாளர் குடும்பங்கள் வந்துகொண்டே இருந்தன. வேலை நகரத்தில், பிள்ளைகள் படிப்பது இங்கே. பள்ளிக்கூடம், தெரு, தண்ணீர்க் குழாய் என்று செலவெல்லாம் ஊர்ச்சபை தலையில் விழுந்தது. செலவுக்கு ஏற்ற வரி வரவில்லை. கடன் ஏறியது, தாங்க முடியாமல் 1919 ஜனவரி 1ஆம் தேதி பேர்ண் நகரத்தோடு இணைந்தார்கள்.

ஏழை ஊரை நகரம் ஏற்றுக்கொண்டது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அந்த ஊர் கொண்டுவந்த சொத்தையும் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பேர்ணின் பரப்பளவு நன்றாகக் கூடியது. நகரம் பிறகு வீடு கட்டத் தேடியபோது நிலம் எங்கே இருந்தது? இங்கேதான்.

அடுத்ததாகச் சார்ணி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு பேர்ணில் வீட்டுக்குப் பெரிய தட்டுப்பாடு. 1958இல் இங்கே வேலை தொடங்கியது. சார்னர் என்பது பழைய பேர்ண் பிரபுக் குடும்பத்தின் பெயர், கூட் என்றால் பண்ணைக் காணி. அந்தக் காணியில் இருபது மாடிக் கோபுரங்கள் ஐந்து, எட்டு மாடி நீளக் கட்டடங்கள் எட்டு, சின்னது சில, எல்லாமாகச் சுமார் 1,200 வீடுகள். ஹான்ஸ் ரைன்ஹார்ட், கிரெட் ரைன்ஹார்ட் என்ற கட்டடக் கலைஞர் தம்பதியின் கை இதில் பெரியது. சுவிஸில் இந்த அளவுக்கு முதன்முதலாகக் கட்டிய குடியிருப்புகளில் இது ஒன்று. கார்களை ஓரத்தில் நிறுத்திவிட்டு நடுவைப் பிள்ளைகளுக்கு விட்டார்கள். ஆரம்பத்தில் ஐயாயிரம் பேர் அளவில் இருந்தார்கள், எங்கே பார்த்தாலும் பிள்ளைகள். இப்போது வீடுகளின் எண்ணிக்கை அதேதான், ஆட்கள் மிகக் குறைவு. அன்றைக்கு ஆறு பேர் இருந்த மூன்றரை அறை வீட்டில் இன்றைக்கு வயதான ஒருவர் தனியாக இருக்கிறார்.

நான் வந்த புதிதில், உடுப்புத் தோய்க்கும் அறையின் திறப்பைத் தவறான நாளில் எடுத்துவிட்டேன். இங்கே எல்லாவற்றுக்கும் முறை உண்டு, பலகையில் பெயர் எழுதி வைத்திருப்பார்கள். அன்றைக்கு முறைக்காரராக வந்தவர் ஓர் இத்தாலியர், வயதானவர். கோபிப்பார் என்று பயந்து நின்றேன். அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "நீ முடி, நான் இருக்கிறேன்" என்று உட்கார்ந்தார். கதைத்துக்கொண்டு இருக்கும்போது எழும்பிப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். பூசாத சீமெந்துச் சுவர், பலகை அடைத்து ஊற்றிய கோடுகள் இன்னும் தெரியும். "இந்தக் கோடு என்னுடைய பலகை" என்றார். இளம் வயதில் பருவகாலத் தொழிலாளியாக வந்து, வருடத்தில் ஒன்பது மாதம் மரக் கொட்டகையில் தங்கி, இந்தக் கட்டடத்துக்குச் சீமெந்து ஊற்றியவர் அவர். அந்த அனுமதியில் வந்தவர்கள் மனைவி பிள்ளைகளைக் கூட்டிவர முடியாது. கட்டியது குடும்பங்களுக்கான வீடு, கட்டியவரின் குடும்பமோ இத்தாலியில். பல வருடம் கழித்து நிரந்தர அனுமதி கிடைத்ததும் அதே கட்டடத்தில் நாலாம் மாடியில் வாடகைக்கு வந்தார்.

நான் அப்வார்ட் ஆன பிறகு அந்தச் சுவருக்குப் பூச்சுப் பூச வேண்டும் என்று ஒரு முறை கதை வந்தது. வேண்டாம் என்று நின்றேன். இன்றும் அது அப்படியே இருக்கிறது.

கூடாத இடமா என்று பிள்ளை கேட்டாள் என்றீர்களே. தங்கச்சி, யாருக்கெல்லாம் வேறு இடத்தில் கதவு திறக்கவில்லையோ அவர்கள் எல்லாருக்கும் திறந்த இடம் இது. நகரத்து வாடகை கட்ட முடியாத தொழிலாளி, மலைப் பக்கத்தில் காணி இல்லாத கமக்காரர் மகன், இத்தாலியர், ஸ்பானியர், பிறகு 83க்குப் பின்னால் நாங்கள். முகம் சுளித்தவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.


கேபல்பாக்_பிள்ளை எழுதியது:

மாமா எழுதியதை வாசித்துவிட்டு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். நான் கேபல்பாக்கில் வளர்ந்தவள், சார்ணிக்கு அடுத்தது. அறுபதுகளின் கடைசியில் கட்டிய மூன்று பெரிய நீளக் கட்டடங்கள். இப்போது வேறு இடத்தில் தாதியாக வேலை செய்கிறேன், ஆனாலும் வார இறுதிக்கு அங்கேதான்.

அக்கா, மகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: மேற்குப் பக்கமாக நடந்து பாருங்கள். எட்டாம் இலக்க ட்ராமில் கடைசித் தரிப்பிடம் புருனனில் இறங்குங்கள். இறங்கினால் முன்னால் வெஸ்ட்சைட் கடைத்தொகுதி. கோணல் கோணலாக, மரப் பலகை போர்த்த கட்டடம், டானியல் லீபஸ்கிண்ட் வடிவமைத்தது, 2008இல் திறந்தார்கள். மோட்டார் வழிச்சாலை அதற்குக் கீழாகப் போகிறது, மேலே நிற்கும்போது தெரியாது. அதைக் கடந்து கொஞ்சம் நடந்தால் தார்த் தெருவின் இரண்டு பக்கமும் வயல். றீட்பாக், ஓபர்பொட்டிகன் என்று சின்னச் சின்னக் கமக்கார ஊர்கள், கூரை தாழ்ந்த பெரிய பேர்ண் பண்ணைவீடுகள், மாடு. வாசலில் முட்டை, உருளைக்கிழங்கு வைத்து, காசு போடச் சிறிய பெட்டியும் வைத்திருப்பார்கள். இதெல்லாம் சட்டப்படி பேர்ண் நகரத்துக்குள்! 1919இல் பும்ப்ளிட்ஸோடு சேர்ந்து வந்த காணி.

சின்ன வயதில் எங்களுக்கு இரண்டும் இருந்தன. பதினோராம் மாடியில் இருந்து காலையில் பார்த்தால் ஒரு பக்கம் பனிமலை வரிசை, குசினி ஜன்னலில் வயல். பாடசாலைச் சுற்றுலாவில் மற்றப் பிள்ளைகள் மாட்டைப் பார்க்க இன்னொரு மாகாணத்துக்குப் போனார்கள், நாங்கள் நடந்து போனோம்.

டொப்லரோன் சொக்லேட் செய்யும் தொழிற்சாலையும் 1985 முதல் புருனனில்தான் இருக்கிறது. மகள் வகுப்பில் இதைச் சொன்னால் மற்றப் பிள்ளைகளுக்கு இது ஒன்றுதான் ஞாபகம் இருக்கும், பரவாயில்லை, சொல்லட்டும்.

நீங்கள் சொன்ன அந்த "ஓ, அங்கேயா?" எனக்கும் நடந்திருக்கிறது. வேலைக்கு விண்ணப்பம் எழுதிய காலத்தில் முகவரியில் பெத்லகேம் (சார்ணியும் கேபல்பாக்கும் இருக்கிற பகுதியின் பெயர்) என்று போடாமல் வெறும் பேர்ண் என்று மட்டும் எழுதச் சொல்லி ஒருவர் ஆலோசனை சொன்னார். நான் எழுதினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் பொறுக்குதில்லை. மகள் அப்படி எழுத வேண்டாம்.


நிலாமுற்றம் எழுதியது:

அண்ணை, தங்கச்சி, இரண்டு பேருக்கும் நன்றி சொல்ல வார்த்தை போதாது. நேற்று இரவு மகளுக்கு வாசித்துக் காட்டினேன். சீமெந்துச் சுவரில் கை வைத்த இடத்தில் திரும்ப வாசிக்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஓபர்பொட்டிகன் பக்கம் நடக்கப் போகிறோம்.

அண்ணை, இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, அந்தச் சுவிஸ் அம்மா சொல்லும் "ஊர்" எந்த இடம்? இரண்டாவது, ஆசிரியர் ஊரில் வாழ்ந்த ஒருவரைப் பற்றியும் சொல்லச் சொல்லியிருக்கிறாராம். பும்ப்ளிட்ஸில் அப்படி யாராவது இருந்தார்களா?


சார்ணிவாசி எழுதியது:

இருந்தார், தங்கச்சி. ஆனால் முதலில் முதல் கேள்வி.

பெரிய தெருவின் பெயர்ப் பலகையைப் பார்த்தீர்களா? பேர்ண்ஷ்ட்ராஸ, பேர்ண் வீதி. பேர்ண் நகரத்துக்குள்ளேயே பேர்ண் வீதி என்று ஒரு தெரு எதற்கு? யாழ்ப்பாண நகரத்துக்குள் நின்றுகொண்டு யாழ்ப்பாண வீதி என்று சொல்வோமா? பேர்ண் வேறு ஊராக இருந்த காலத்தில், அங்கே போகிற வழி என்பதால் வந்த பெயர் அது. நூறு வருடம் தாண்டியும் யாரும் மாற்றவில்லை. அந்தத் தெருவை ஒட்டி, இரண்டு அரண்மனை, தேவாலயம், பழைய மண்டபம், கடைகள் இருக்கிற வட்டாரம்தான் டோர்ஃப். பியென்ஸ்கூட் என்று ஒரு பழைய பண்ணைவீடு அங்கே இருக்கிறது, இப்போது நூலகம். வைக்கோல் அடுக்கிய இடத்தில் புத்தகம் அடுக்கியிருக்கிறார்கள். மகளை அங்கே உட்கார வைத்தே பேச்சைத் தயார்படுத்தலாம்.

இனி அந்த மனிதர். கார்ல் ஆல்பெர்ட் லோஸ்லி. 1877இல் ஷுப்ஃபன் என்ற ஊரில், திருமணம் செய்யாத ஒரு தாய்க்குப் பிறந்தவர். அந்தக் காலத்தில் அது பிள்ளைக்கே குற்றம். வளர்த்த தாய் இறந்ததும் விடுதிகளிலும் சீர்திருத்த இல்லத்திலும் அடிபட்டு வளர்ந்தார். 1904இல் பும்ப்ளிட்ஸுக்கு வந்து, சாகும் வரைக்கும் இங்கேயே இருந்து எழுதினார். ஊர்க்காரர் அவரைப் பும்ப்ளிட்ஸ் தத்துவஞானி என்றார்கள்.

சுவிஸில் ஏழைப் பிள்ளைகளையும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளையும் ஊர்ச்சபையே கமக்காரரிடம் வேலைக்கு ஒப்படைத்துவிடும் வழக்கம் இருந்தது. ஃபெர்டிங்கிண்டர் என்பார்கள். எத்தனையோ பிள்ளைகள் தொழுவத்தில் படுத்து, மாடு மாதிரி உழைத்து வளர்ந்தார்கள். பெரியவர்களையும் விசாரணை இல்லாமல் நிர்வாகக் கட்டளையிலேயே அடைத்து வைத்தார்கள், அந்தச் சட்டம் 1981 வரைக்கும் இருந்தது. லோஸ்லி இதையெல்லாம் 1920களிலேயே வெளிப்படையாக எழுதினார். பெரும்பாலானவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1930களில் யூதர்களுக்கு எதிரான பொய் ஆவணம் ஒன்று பற்றிப் பேர்ணில் வழக்கு நடந்தபோது, அது பொய் என்று நீதிமன்றத்தில் சொன்ன நிபுணர்களில் அவரும் ஒருவர். அந்த வருடங்களில் பக்கத்து நாட்டில் ஹிட்லர் ஆட்சி என்பதையும் யோசித்துப் பாருங்கள். 1959இல் பும்ப்ளிட்ஸில் காலமானார். அந்த நேரம் சார்ணியில் பாரந்தூக்கிகள் நின்றன.

2013 ஏப்ரலில் பேர்ணில் அந்தப் பிள்ளைகளிடம், அதாவது முதியவர்களாகிவிட்ட அந்தப் பிள்ளைகளிடம், அமைச்சர் சிமொனெட்டா சொமருகா அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். நான் அன்றைக்கு வேலை முடித்து வந்து தொலைக்காட்சியில் பார்த்தேன். எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருந்த ஒரு பெரியவர் மறுநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, தானும் அப்படி ஒப்படைக்கப்பட்டவர் என்று சொன்னார். பன்னிரண்டு வருடம் ஒரே கட்டடத்தில் இருந்தோம், அவருடைய குழாயும் ஜன்னலும் எத்தனை தரம் திருத்திக் கொடுத்திருப்பேன், அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னார். நான் என் கதையையும் சொன்னேன். இரண்டு பேரும் படியிலேயே கன நேரம் உட்கார்ந்திருந்தோம்.

நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு இது பாரம் என்று நினைத்தால், "பிள்ளைகளுக்காகக் கதைத்த மனிதர் எங்கள் ஊரில் இருந்தார்" என்று மட்டும் சொல்லட்டும்.


வடலி எழுதியது:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் பேர்ணின் மற்றப் பக்கம், ஒஸ்டர்முண்டிகனில் இருக்கிறேன். இணைப்புக் கதையை வாசித்தபோது எங்கள் கதையும் எழுதத் தோன்றியது. எங்களுடையதும் கல் உடைக்கிற கிராமமாக இருந்த இடம்தான். பேர்ண் பழைய நகரத்தின் பச்சை கலந்த சாம்பல் மணற்கல்லில் பெரும் பங்கு எங்கள் குன்றில் வெட்டியது. 1983 வரைக்கும் பொலிகன் என்ற ஊர்ச்சபையின் ஒரு பகுதியாக இருந்து, பிறகு தனிச் சபையானோம். நூறு மீட்டர் உயரக் கோபுரம்கூட இப்போது இருக்கிறது.

2023 அக்டோபரில் பேர்ணோடு சேர்வதா என்று வாக்கெடுப்பு வந்தது. பேர்ண் ஆம் என்றது. எங்கள் ஆட்கள் இல்லை என்றார்கள். காசு நிலைமை இங்கேயும் இறுக்கம்தான். நான் ஆம் போட்டேன், என் மனைவி இல்லை போட்டாள். பெயர் போய்விடும் என்பது அவளுடைய பயம். சார்ணிவாசி அண்ணை எழுதியதை அவளுக்குக் காட்டினேன். நூறு வருடம் ஆகியும் பும்ப்ளிட்ஸ் என்ற பெயர் போகவில்லைதானே என்றேன். "பெயர் இருக்கிறது, முடிவு எடுக்கிற சபை இல்லையே" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.


சார்ணிவாசி எழுதியது:

வடலி தம்பி, உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ட்ராம் இங்கே வந்தது 2010 டிசம்பரில்தான். இணைந்து தொண்ணூற்றொரு வருடம் கழித்து. அதுவரை காலையில் பேருந்தில் நசுங்கிக்கொண்டு போனோம். தனிச் சபையாக இருந்திருந்தால் கேட்டு வாங்கியிருப்போமோ, இல்லை கடனில் மூழ்கியிருப்போமோ, என்னால் சொல்ல முடியாது. ஆனால் அதே ட்ராமில் ஏறிச் சில தரிப்பிடம் போனால் யூரோப்பாபிளாட்ஸில் சமயங்களின் இல்லம் இருக்கிறது. 2014 டிசம்பரில் திறந்தார்கள். ஒரே கூரைக்குக் கீழே நம் சைவக் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பௌத்த மண்டபம், துருக்கிப் பக்கத்து அலெவி சமயத்தவரின் இடம். கோயிலில் தமிழிலேயே வழிபாடு. என் மகனின் திருமணத்துக்கு வந்த சுவிஸ் நண்பர்கள், பக்கத்துக் கதவைத் திறந்தால் பள்ளிவாசல் என்று கண்டு வியந்து நின்றார்கள். ட்ராம் பிந்தி வந்ததற்கு எனக்குக் கோபம் உண்டு, இந்த இல்லம் இங்கே வந்ததில் பெருமையும் உண்டு.


நிலாமுற்றம் எழுதியது:

உறவுகளே, பேச்சு முடிந்துவிட்டது. முதல் வரி அண்ணை சொன்னதேதான். ஆசிரியருக்கே 1016 என்பது புதிதாக இருந்ததாம். றீட்பாக் மாட்டின் படம், பேர்ண்ஷ்ட்ராஸ பெயர்ப் பலகையின் படம், முட்டைக்குக் காசு போடும் பெட்டியின் படம் எல்லாம் ஒட்டிக்கொண்டு போனாள். லோஸ்லியைப் பற்றிச் சொன்னபோது ஒரு பையன், தன் பூட்டனும் அப்படிக் கமக்காரரிடம் வளர்ந்தவர் என்று எழும்பிச் சொன்னானாம்.

கீழ்வீட்டு அம்மாவிடமும் அந்தத் தாளைக் காட்டினாள். அவர் கண்ணாடி போட்டு முழுவதையும் வாசித்தார். பிறகு, தானும் பும்ப்ளிட்ஸ்காரி இல்லை என்று சொன்னார். எமன்டால் பக்கம் ஒரு கமக்கார வீட்டில் எட்டாவது பிள்ளையாம். 1964இல் கலியாணம் முடித்து இங்கே வந்தபோது சுவிஸில் பெண்களுக்குத் தேசிய மட்டத்தில் வாக்குரிமைகூட வரவில்லை, அது வர இன்னும் ஏழு வருடம் இருந்தது. முதல் நாள் இரவு, வெந்நீர் குழாயில் தானாக வந்ததைப் பார்த்துக் கையை எடுக்காமல் அப்படியே நின்றாராம். "டோர்ஃப்" என்று சொல்ல எப்போது தொடங்கினீர்கள் என்று மகள் கேட்டாள். கொஞ்ச நேரம் யோசித்து, "முதல் பிள்ளை பிறந்த பிறகாக இருக்கும்" என்றார்.

புதன்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் இல்லை. மகளையும் அவரையும் கூட்டிக்கொண்டு பியென்ஸ்கூட் நூலகத்துக்குப் போகலாம் என்று இருக்கிறேன். ஏழாம் இலக்க ட்ராமில் எங்கே இறங்க வேண்டும், அண்ணை?


சார்ணிவாசி எழுதியது:

ட்ராம் வேண்டாம், தங்கச்சி. நடந்து போங்கள். அந்த அம்மாவுக்குக் குறுக்குப் பாதை தெரிந்திருக்கும், அவரை முன்னால் விடுங்கள்.